கறுப்பு அங்கிக்குள்ளே யாரு?

ஓடிக்கொண்டிருந்த ரயில் பொசுக்கென்று நிற்கிறது. விளக்கெல்லாம் அணைகிறது. வெளியே கொட்டும் மழை. கம்பார்ட்மென்ட் கதவு மெள்ளத் திறக்க, கூரையை முட்டும் உயரத்தில் ஒரு கறுப்பு அங்கி நிற்கிறது. முகம் தெரியவில்லை. அங்கிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிகிறது. தண்ணீரில் ஊறி அழுகிய பிணத்தின் கை மாதிரி சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று இருக்கிறது. அது ஒரு நீளமான மூச்சை இழுக்கிறது. அவ்வளவுதான். உள்ளே இருக்கிற பையனுக்கு உடம்பெல்லாம் ஜில்லிட்டுப் போய், எங்கேயோ ஒரு பெண் அலறுகிற சத்தம் கேட்டு, தொப்பென்று மயங்கி விழுகிறான்.

யாருன்னு கண்டுபிடிச்சிருப்பீங்களே! பையன் ஹாரி பாட்டர். வந்த பார்ட்டி டிமென்டர். 1999 ஜூலையில் வெளிவந்த மூன்றாவது புத்தகத்தில்தான் இந்த ஐட்டத்தை முதன்முதலாக இறக்கினார் ஜே.கே.ரௌலிங். அதுவரை கதையில் பாம்பு, மூணு தலை நாய், ராட்சச சிலந்தி எல்லாம் வந்திருந்தன. ஆனால், ராத்திரி லைட்டை அணைத்த பிறகும் மண்டைக்குள்ளேயே நின்றது இதுதான்.

கதையைப் படிக்காத புண்ணியவான்களுக்கு ஒரு குட்டி பயோடேட்டா. டிமென்டருக்குக் கண் கிடையாது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வாய் மாதிரி ஒரு ஓட்டை. சாப்பாடு? மனுஷங்களோட சந்தோஷம். பக்கத்தில் வந்தாலே நல்ல ஞாபகங்களை எல்லாம் உறிஞ்சிவிட்டு, கெட்ட ஞாபகங்களை மட்டும் மிச்சம் வைக்கும். ரொம்பக் கிட்டே வந்து 'முத்தம்' கொடுத்தால் ஆத்மாவே காலி. உடம்பு மூச்சு விடும், இதயம் துடிக்கும். ஆனால், உள்ளே ஆள் இருக்க மாட்டார். வேலை? வட கடல் நடுவே இருக்கும் அஸ்கபான் சிறைக்குக் காவல்.

எல்லாம் சரி. இந்த ஜந்து எங்கேருந்துதான் வந்துச்சு? ஏழு புத்தகம் முடிந்தும் கதைக்குள்ளே இதற்கு நேரடியான பதில் இல்லை. விடுவார்களா ரசிகர்கள்? இருபது வருஷத்துக்கும் மேலாகத் தோண்டித் துருவி ஆளாளுக்கு ஒரு தியரி வைத்திருக்கிறார்கள். அதில் நாலு தியரிகளை எடுத்துக் கூண்டில் ஏற்றுவோமா?

தியரி 1: முத்தம் வாங்கினவனே டிமென்டர்!

வேம்பயர் கடித்தால் வேம்பயர், ஸோம்பி கடித்தால் ஸோம்பி. அதே ஃபார்முலாதான். டிமென்டர் ஆத்மாவை உறிஞ்சிவிட்ட பிறகு, அந்த வெற்று உடம்பு நாளாக ஆக அழுகி, அங்கியைப் போட்டுக்கொண்டு அதுவே ஒரு டிமென்டராக மாறிவிடுகிறது என்கிறார்கள். உருவம் மனுஷன் மாதிரி இருக்கிறது. கை பிணத்தின் கை மாதிரி இருக்கிறது. தொலைந்துபோன சந்தோஷத்துக்கும் ஆத்மாவுக்கும் அது பேயாக அலைகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஓட்டை எங்கே? பேராசிரியர் லூபின் ஹாரிக்கு முத்தத்தைப் பற்றி விளக்கும்போது, ஆத்மா போனவன் வெறும் கூடாகக் கிடப்பான், மீளவே முடியாது என்றுதான் சொல்கிறார். அவனே டிமென்டர் ஆவான் என்று ஒரு வார்த்தை இல்லை. நாலாவது புத்தகத்தில் பார்ட்டி கிரௌச் ஜூனியருக்கு இந்த முத்தம் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அவன் அங்கி போட்டுக்கொண்டு மிதந்து வரவில்லை. ஆறாவது புத்தகத்திலோ, டிமென்டர்கள் பெருகுகின்றன, அதனால்தான் ஊரெல்லாம் இந்தப் பனிமூட்டம் என்று முன்னாள் மந்திரி ஃபட்ஜ் சொல்கிறார். முத்தத்துக்கும் பெருக்கத்துக்கும் அங்கே முடிச்சே போடவில்லை. மார்க்: பத்துக்கு மூணு.

தியரி 2: பப்புவா நியூ கினியா பங்காளி

இது புத்தகப் புழுக்களின் தியரி. 2001-ல் காமிக் ரிலீஃப் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட, மந்திர மிருகங்களின் அகராதி மாதிரி ஒரு குட்டிப் புத்தகம் எழுதினார் ரௌலிங். அதில் 'லெதிஃபோல்ட்' என்று ஒரு ஜந்து வரும். அரை அங்குல கனத்தில் கறுப்பு அங்கி மாதிரி இருக்கும். ராத்திரி தரையோடு தரையாக வழுக்கி வந்து, தூங்குகிறவர்களை மூடி, மூச்சுத் திணறடித்து, அங்கேயே ஜீரணமும் பண்ணிவிட்டு, தடயமே இல்லாமல் போய்விடும். 1782-ல் பப்புவா நியூ கினியாவில் அதனிடம் மாட்டிப் பிழைத்தவர் ஃபிளேவியஸ் பெல்பி என்று கதை போகிறது.

அவர் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் மேட்டரே. பேட்ரோனஸ் மந்திரம் போட்டார்! லெதிஃபோல்டை விரட்ட அது ஒன்றுதான் வழி. டிமென்டரை விரட்டவும் அதே பேட்ரோனஸ்தான். கறுப்பு அங்கி, வழுக்கிக்கொண்டு வருவது, ஒரே மருந்து... அப்போ ரெண்டும் சொந்தக்காரங்கதானே? வெயில் தேசத்தில் இருக்கிற பங்காளி லெதிஃபோல்ட், குளிர் தேசத்தில் இருக்கிற பங்காளி டிமென்டர் என்கிறார்கள் ரசிகர்கள்.

லாஜிக் செம. ஆனால், ஒரே மருந்தில் குணமாகிற எல்லாமே ஒரே வியாதி ஆகிவிடாது பாஸ்! தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையைத்தானே போடுகிறோம்? லெதிஃபோல்டுக்கு வேண்டியது சதை. டிமென்டருக்கு வேண்டியது மனசு. புலியும் கொசுவும் ரத்தம் பார்க்கிற ஜாதிதான் என்பதற்காக ரெண்டும் அண்ணன் தம்பி ஆகிடுமா? மார்க்: பத்துக்கு அஞ்சு. உழைப்புக்கு ஒண்ணு சேர்த்து ஆறு.

தியரி 3: மரணத்தின் நிழல்

ஏழாவது புத்தகத்தில் மூன்று சகோதரர்கள் கதை வரும். ஆற்றங்கரையில் மரணமே நேரில் வந்து, மூத்தவனுக்கு மந்திரக்கோல், நடுவுள்ளவனுக்குக் கல், கடைக்குட்டிக்குத் தன்னுடைய மாய அங்கி என்று பரிசு கொடுக்கும். அங்கியோடு வந்த அந்த மரணத்தின் துண்டு துணுக்குகள்தான் டிமென்டர்கள் என்பது மூன்றாவது தியரி. படிக்கும்போதே புல்லரிக்கும்.

ஆனால், புத்தகத்தை வைத்தே இதை உடைக்கலாம். அந்த மாய அங்கியைப் போட்டவனை மரணத்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் கதை. அதே அங்கி கடைசியில் ஹாரியிடம்தான் இருக்கிறது. ஹாக்ஸ்மீட் கிராமத்தில் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் அதற்குள் ஒளிந்திருக்கும்போது டிமென்டர்கள் என்ன செய்கின்றன? நேராக அவர்களை நோக்கி வருகின்றன! கண்ணில்லாத ஜந்து அது, உணர்ச்சியை மோப்பம் பிடித்து வருகிறது. மரணத்துக்கே மறைக்கிற அங்கி டிமென்டருக்கு மறைக்கவில்லை என்றால், ரெண்டும் ஒன்றில்லை என்றுதானே அர்த்தம்? போதாக்குறைக்கு, அந்தச் சகோதரர்கள் மரணத்தைச் சந்தித்தெல்லாம் இருக்க மாட்டார்கள், திறமையான, ஆபத்தான மந்திரவாதிகளாக மட்டுமே இருந்திருப்பார்கள் என்று டம்பிள்டோரே சொல்லிவிடுகிறார். மார்க்: கற்பனைக்கு எட்டு, ஆதாரத்துக்கு ரெண்டு.

தியரி 4: தீவில் இருந்த மிருகம்

நாலாவது தியரிக்கு விதை போட்டவர் ரௌலிங்கேதான். அஸ்கபானின் வரலாற்றைப் பின்னாளில் தனிக் குறிப்பாக எழுதினார். அது ஆரம்பத்தில் சிறையே இல்லையாம். 15-ம் நூற்றாண்டில் எக்ரிஸ்டிஸ் என்ற மந்திரவாதி அங்கே கோட்டை கட்டிக்கொண்டு வாழ்ந்தான். அந்தப் பக்கம் போகிற கப்பல்காரர்களைத் தீவுக்கு இழுத்துவந்து சித்ரவதை பண்ணிக் கொல்வதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. அவன் செத்து, தீவை மறைத்திருந்த மந்திரம் கலைந்த பிறகுதான் அப்படி ஒரு இடம் இருப்பதே வெளியே தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள், பார்த்ததைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள். அங்கே டிமென்டர்கள் குவிந்து கிடந்தன. அதுகூட அவர்கள் பார்த்ததில் பயம் குறைந்த விஷயம்தானாம்!

ஆக, எக்ரிஸ்டிஸ்தான் டிமென்டரைச் செய்தவன் என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால், அவன் 'செய்தான்' என்று ரௌலிங் எழுதவில்லை. 'இருந்தன' என்பதோடு நிறுத்திக்கொண்டார். வேறொரு சமயம், டிமென்டர்கள் அழுகலும் சிதைவும் இருக்கிற இடத்தில் காளான் மாதிரி முளைக்கும் என்று சொன்னார். இந்த ரெண்டையும் ஒட்டிப் பாருங்கள். காளானை யாரும் 'செய்வது' இல்லை. ஈரமும் இருட்டும் மக்கிப்போன கட்டையும் இருந்தால் தானாக முளைக்கும். எக்ரிஸ்டிஸ் மந்திரம் போட்டு டிமென்டரைப் படைக்கத் தேவையே இல்லை. வருஷக்கணக்காக ஒரு இடத்தில் அத்தனை வலியைச் சேர்த்துவைத்தான். அது போதும்.

மார்க்: பத்துக்கு எட்டு.

பக்கத்து வீட்டுப் பேய்கள்

மற்ற கதைகளில் எப்படி என்று ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம். 1954-ல் முதல் பாகம் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ஸில் கறுப்புக் குதிரையில் துரத்துகிற ஒன்பது நாஸ்கூல்கள் நினைவிருக்கிறதா? டோல்கீன் அதில் மர்மமே வைக்கவில்லை. ஒன்பது பேரும் மனுஷங்க. ராஜாக்கள், வீரர்கள், மந்திரவாதிகள். சாரோன் கொடுத்த மோதிரத்தை ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதிகாரம் வந்தது, ஆயுள் நீண்டது, ஆள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து காணாமல் போனார்கள். ஆசைதான் பேயைச் செய்தது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வேறு ரூட். பனிப் பிரதேசத்து வொயிட் வாக்கர்களின் ஆரம்பத்தைப் பற்றி ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, 2016 மே மாதம் ஒளிபரப்பான ஆறாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் சீரியல்காரர்கள் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்கள். காட்டை அழித்த மனிதர்களிடமிருந்து தப்பிக்க, காட்டுவாசிகளான 'சில்ட்ரன் ஆஃப் த ஃபாரஸ்ட்' ஒரு மனிதனைக் கட்டிவைத்து, நெஞ்சில் கறுப்புக் கண்ணாடிக் கல்லை இறக்கி உருவாக்கிய ஆயுதம்தான் நைட் கிங். பிறகு அந்த ஆயுதம் செய்தவர்களையே திருப்பி அடித்தது. ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் எழுதிய புத்தகத்தில் இந்தக் காட்சி இல்லை. 2011-ல் வந்த ஐந்தாவது புத்தகம் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை.

கவனித்தீர்களா? எங்கே தோண்டினாலும் கடைசியில் ஒரு மனுஷன் கிடைக்கிறான். ஒன்று ஆசைப்பட்டவன், இன்னொன்று அடிபட்டவனிடம் மாட்டியவன். 'இந்தப் பேய் எங்கேருந்து வந்துச்சு'ன்னு நாம கேட்கிற கேள்விக்கு உண்மையான அர்த்தம், 'இதுக்கு யார் பொறுப்பு'ங்கறதுதான்.

வேலைக்கு வெச்சது யாரு?

அந்தக் கேள்வியோடு மறுபடி அஸ்கபானுக்கு வாங்க. எக்ரிஸ்டிஸ் கோட்டையைக் கண்டுபிடித்த பிறகு, இடித்துத் தள்ளிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். இருப்பிடத்தைக் கலைத்தால் டிமென்டர்கள் பழிவாங்குமே என்று மற்றவர்கள் பயந்தார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். மந்திர உலகம் மனிதர்களிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ள முடிவெடுத்ததும், தனியாக ஒரு சிறை தேவைப்பட்டது. 1718-ல் டமாக்கிள்ஸ் ரௌல் என்பவர் மந்திரி ஆனார். 'எதுக்குப் புதுசா செலவு பண்ணணும்? அஸ்கபான் இருக்கு, டிமென்டர் இருக்கு. சம்பளம் இல்லாத காவலாளி!' என்கிற ரீதியில் முடிவெடுத்துவிட்டார்.

கைதிகளுக்குப் பைத்தியம் பிடித்தது. நம்பிக்கை இழந்தே செத்தவர்களுக்காகத் தீவிலேயே இடுகாடு வந்தது. பின்னால் வந்த மந்திரி எல்ட்ரிச் டிகரி நேரில் போய்ப் பார்த்து ஆடிப்போனார். மாற்று வழி தேட கமிட்டி போட்டார். காரியம் நடப்பதற்குள் நோயில் செத்துப்போனார். கமிட்டி கதை எல்லா உலகத்திலும் ஒரே கதைதான் போலிருக்கிறது!

ஐந்தாவது புத்தகத்தில் ஹாரியை வாயடைக்க டிமென்டர்களை ஏவுவது யார்? வோல்டமார்ட் இல்லை. அரசு அதிகாரியான அம்ப்ரிட்ஜ் அம்மையார். ஏழாவது புத்தகத்தில் அதே அம்மையார் அப்பாவிகளை விசாரணைக் கூண்டில் உட்காரவைத்து, சுற்றிலும் டிமென்டர்களை நிறுத்தி, தான் மட்டும் பூனை பேட்ரோனஸின் கதகதப்பில் உட்கார்ந்திருப்பார். டிமென்டர் முளைத்தது எப்படியோ இருக்கட்டும். அதற்குக் கைதிகளை அனுப்பிச் சாப்பாடு போட்டு வளர்த்தது அரசாங்கம். போர் முடிந்து கிங்ஸ்லி மந்திரியான பிறகுதான் டிமென்டர்களை அங்கிருந்து வெளியேற்றி, மனிதக் காவலர்களைப் போட்டார்கள். அதாவது, 'வேற வழியே இல்லை'ன்னு ஏறத்தாழ முந்நூறு வருஷம் சொல்லிட்டிருந்ததுக்கு, வேற வழி இருந்தது.

அஞ்சாவது தியரி

இது தியரி இல்லை, நிஜம். டிமென்டர் முதன்முதலில் முளைத்த இடம் அஸ்கபான் இல்லை. ரௌலிங்கின் மனசு.

1990 டிசம்பரில் அவருடைய அம்மா மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இறந்தார். அம்மாவுக்கு வயது 45. போர்ச்சுகல் போனார், கல்யாணம் ஆனது, முறிந்தது. 1993 கடைசியில் கைக்குழந்தையோடு எடின்பர்க் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது பாதி எழுதிய ஒரு கதை. அந்த நாட்களில் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். டிமென்டர் அந்த அனுபவத்திலிருந்து தெரிந்தே செய்த உருவம் என்று பிறகு பேட்டிகளில் சொன்னார். அவர் சொல்கிற வித்தியாசம் முக்கியமானது. சோகம் வேறு, இது வேறு. சோகத்தில் அழலாம், அழுதால் பாரம் இறங்கும். இதில் எதுவுமே தோன்றாது. இனி எப்பவுமே சந்தோஷம் வராது என்கிற ஒரு வெறுமை. டிமென்டர் பக்கத்தில் வரும்போது புத்தகத்தில் ரான் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

2008-ல் எடின்பர்க் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். அந்தக் காலத்தில் தற்கொலை எண்ணம்கூட வந்தது. டாக்டரிடம் போனார். வழக்கமான டாக்டர் அன்றைக்கு இல்லை. இருந்த மாற்று டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டார். வழக்கமான டாக்டர் திரும்பி வந்து குறிப்புகளைப் பார்த்துவிட்டு, அவரே கூப்பிட்டு அனுப்பினார். கவுன்சலிங் கிடைத்தது. எழுந்து வந்தார். மனச்சோர்வு வந்ததற்காக வெட்கப்பட்டதே இல்லை என்றும் அதே பேட்டியில் சொன்னார்.

இதைத் தெரிந்துகொண்டு மூன்றாவது புத்தகத்தைத் திரும்பப் படித்தால் பல விஷயம் புதுசாகத் தெரியும். ரயிலில் மயங்கி விழுந்த ஹாரியை மால்ஃபாய் கோஷ்டி கிண்டல் பண்ணுகிறது. 'நான் மட்டும் ஏன் இப்படி வீக்கா இருக்கேன்?' என்று ஹாரி குமைகிறான். லூபின் பதில் என்ன? இது பலவீனமே இல்லை, மற்றவர்களுக்கு நடக்காத கொடுமை உனக்கு நடந்திருக்கிறது, அதனால்தான் உன்னை அதிகம் தாக்குகிறது என்கிறார். பிறகு பாடம் நடத்துகிறார். பேட்ரோனஸுக்கு ஒரு நல்ல ஞாபகம் வேண்டும். ஹாரி முதல் தடவை துடைப்பத்தில் பறந்ததை நினைக்கிறான், பலிக்கவில்லை. மறுபடி வேறொன்றை நினைக்கிறான். மயங்கி விழுகிறான், சாக்லேட் சாப்பிடுகிறான், மறுபடி எழுகிறான். வருவது என்னவோ வெள்ளியாய் ஒரு புகை. ஆனால், அதற்கே டிமென்டர் ஒரு அடி தள்ளி நிற்கிறது. முழு மானை ஹாரி கண்ணால் பார்ப்பதற்குப் புத்தகத்தின் கடைசி வரை ஆகிறது.

ஒண்ணு கவனிங்க. ஏழு புத்தகத்திலும் டிமென்டரை யாரும் கொல்வதில்லை. விரட்டத்தான் முடிகிறது. அது போனாலும், மறுபடி வரலாம். வந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் ஹாரி கற்றுக்கொண்ட பாடம். அதையும் அவன் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. 'எனக்குச் சொல்லிக்கொடுங்க சார்' என்று தானாகப் போய் லூபினிடம் கேட்டான்.

அதனால், ஹாஸ்டல் ரூமில் யாராவது ஒருத்தன் மெஸ்ஸுக்கு வராமல், கிரிக்கெட்டுக்கு வராமல், போர்வைக்குள் முடங்கிக் கிடந்தால், 'சீன் போடறான்டா' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள். அவன் பக்கத்தில் நமக்குத் தெரியாத ஒன்று நின்றுகொண்டிருக்கலாம். டிமென்டரை நம்மைப் போன்ற சாதாரண ஆட்களால் பார்க்க முடியாது என்றுதானே கதையிலும் வருகிறது. குளிர் மட்டும்தான் தெரியும்.

போய் உட்காருங்க. பேச விடுங்க. சாக்லேட் இருந்தால் இன்னும் நல்லது. அது முதலுதவி மட்டும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கல்லூரி கவுன்சலர், டாக்டர் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 இருக்கிறது. முதலில் பார்த்தவர் காது கொடுத்துக் கேட்காவிட்டால், இன்னொருவரிடம் போகலாம். ரௌலிங்குக்கும் இரண்டாவது டாக்டரிடம்தான் கதவு திறந்தது.

டிமென்டர் எங்கேருந்து வந்துச்சுன்னு இனியும் சண்டை போடலாம், தப்பில்லை. உங்ககிட்ட ஆறாவது தியரி இருந்தா அதையும் எடுத்து விடுங்க. ஆனா, பக்கத்து ரூம் கதவை ஒரு தட்டு தட்டிட்டு வந்து ஆரம்பிங்க!